உப்புக்காற்றில் ஒரு கார்

பாம்பனில் வீடு, ராமநாதபுரத்தில் வேலை. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றதும், தீவை விட்டு வெளியே போக ரோட்டுப் பாலம் ஒன்றுதான் என்றாகிவிட்டது. பஸ்ஸில் நின்றே போய் இடுப்பு விட்டுப்போனதில், செகண்ட் ஹேண்டில் ஒரு கார் எடுத்தேன். வீட்டில் அப்போதே வேண்டாம் என்றார்கள்.

சொகுசு முதல் மாதம் தெரிந்தது, பெட்ரோல் செலவு இரண்டாம் மாதம். அதைவிடக் கொடுமை உப்புக்காற்று. கதவின் அடிவிளிம்பு, சைலன்சர், வீல் நட்டு என்று ஒவ்வொன்றாகத் துரு ஏறியது. அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்றார் மெக்கானிக் அண்ணன். குடிக்கவே குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீட்டில்!

அப்புறம் பாலம். 1988-இல் திறந்தது, போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, அவ்வளவுதான். சனி ஞாயிறு, தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் வெளியூர்க் கார்கள் நடுப்பாலத்தில் நின்றுவிடும். ரயில் பாலம் பின்னால் தெரிய செல்ஃபி எடுக்கணுமே. அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் மீன்கூடையோடு அக்காக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நானும் ஒரு காருக்கு ஒருவனாக அதே வரிசையை நீளமாக்கிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரல் 6-இல் புது ரயில் பாலம் திறந்தார்கள். நேரம் ஒத்துவந்தால் ரயில், இல்லையென்றால் பஸ். கார் வாசலில் வெயிலில் நிற்கிறது. நேற்றுப் பார்த்தால், பானட்டின் மேல் அம்மா கருவாடு காயப் போட்டிருக்கிறார்.