வந்துச்சா?

2018 அக்டோபரில் ஷியாமென் விமான நிலையத்தில் இறங்கியதும் "வந்து சேர்ந்துட்டேம்மா" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். காவேரிப்பட்டினத்தில் அம்மாவுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. சீனாவில் வாட்ஸ்அப் ஓடாது என்று ஊரில் பயமுறுத்தியதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உள்ளூர் சிம் வாங்கினேன். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து, என்னையும் நிற்கவைத்துப் படம் பிடித்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். அதைப் போட்ட நிமிடத்திலிருந்து, அனுப்பிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோமிங்கில் இருந்தவரை என் இணையம் இந்தியா வழியாகவே போய் வந்திருக்கிறது. உள்ளூர் சிம் போட்டதும், சீன அரசு இணையத்துக்குப் போட்டிருக்கும் தடுப்புச் சுவருக்கு உள்ளே நான் வந்துவிட்டேன்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லுக்கு ஷியாமென் பழகிய ஊர். பர்கூர்ப் பக்கம் வெட்டும் கிரானைட் பாளம் கப்பலேறி அங்கே போகும். அறுத்து, பாலிஷ் போட்டு, ஸ்லாப்பாக வேறு நாடுகளுக்குக் கிளம்பும். விரிசல் இருக்கிறதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல அங்கேயே ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை அனுப்பினார். கொண்டுபோன ராகி மாவு இரண்டு மாதம் வந்தது. குளிர், மொழி, சாப்பாடு எல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிட்டன. பழகாதது போன்தான். கூகுள் இல்லை, ஜிமெயில் இல்லை, ஃபேஸ்புக் இல்லை. சுவரைத் தாண்ட வி.பி.என். வேண்டும், அதாவது இணையத்தை வேறு நாட்டு வழியாகச் சுற்றிவிடும் செயலி. அதை இறக்க பிளே ஸ்டோரே திறக்காது. ஊரிலிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம்.

சரி என்று அங்கே எல்லோரும் வைத்திருக்கும் வீசாட் செயலியையே நானும் போட்டேன். அக்கா மகன் அம்மா போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தான். தினமும் ராத்திரி பேசினோம். பெங்களூரா மாங்காய் டன் என்ன விலை போனது, யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் அதில்தான்.

2020 ஜூனில் எல்லையில் இந்திய, சீன வீரர்களுக்கிடையே கல்வான் சண்டை. இறந்த இந்திய வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். எங்கள் கட்டடத்தில் தமிழர்கள் ஆறு பேர். அவர் படம் ஒன்றை எங்கள் குழுவில் போட்டேன். அதே சமையலறையில், எனக்கு எதிரே, தர்மபுரிக்காரர் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களாண்ணா?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "என்ன தம்பி, ஒண்ணும் வரலையே." இரண்டு போனையும் அடுப்பு மேடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் திரையில் படம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டியது. அவர் திரையில் அதற்கு முந்தைய நாள் நான் போட்ட "பால் வாங்கணும்"தான் கடைசி வரி. தோல்வி என்று ஒரு சிவப்புக் குறிகூட என் பக்கம் வரவில்லை. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அப்படியே.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்று சொல்ல முடியாது, பயம்தான். இத்தனை நாள் நான் அனுப்பியதில் எதெல்லாம் போகவில்லை? அம்மா பதில் சொல்லாத ராத்திரிகளில் அவர் தூங்கிப்போனாரா, இல்லை என் செய்தி வழியிலேயே செத்துப்போனதா?

எங்கள் யார்டில் கணக்கு பார்க்கும் சீனப் பெண்ணிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பெய்ஜிங்கில் கல்லூரி படித்தவர். 2006இல் கூகுள் சீனாவுக்கென்று தனியாக வடிகட்டிய தேடலைத் தொடங்கியதும், 2010 மார்ச்சில் அதை நிறுத்தி ஹாங்காங் பக்கம் திருப்பிவிட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 2010 ஜனவரியில் கூகுள் இனி வடிகட்ட மாட்டேன் என்று அறிவித்தபோது அதன் பெய்ஜிங் அலுவலக வாசலில் ஜனங்கள் பூ வைத்தார்கள். ஆனால் அவர் முக்கியமாகச் சொன்னது வேறு. அந்த வடிகட்டிய பக்கத்தின் அடியில் ஒரு வரி வருமாம்: உள்ளூர்ச் சட்டப்படி சில முடிவுகள் காட்டப்படவில்லை. "அந்த வரிதான் எங்களுக்குப் பாடம் நடத்தியது. எங்கே குழி இருக்கிறது என்றாவது தெரிந்தது" என்றார்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2012இல் எந்தச் சொல்லைத் தேடினால் தொடர்பு அறுந்துபோகும் என்று சீனப் பயனர்களுக்குக் கூகுள் முன்கூட்டியே காட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டது. 2017இல் ஆப்பிள் தன் சீனக் கடையிலிருந்து வி.பி.என். செயலிகளை நீக்கியது, 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப்பையும் நீக்கியது. இது சீனாவோடு நிற்கவில்லை. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கிய நாளில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி தரப்பின் செயலியை ஆப்பிளும் கூகுளும் எடுத்தன. இந்தக் கம்பெனிகள் எல்லாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: எந்த நாட்டில் தொழில் செய்கிறோமோ அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம்.

அந்தப் பதிலை நான் முழுக்கத் தள்ளவில்லை. அங்கே வேலை செய்யும் ஊழியர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். ஆனால் ஷி தாவ் என்ற பத்திரிகையாளரை என்னால் மறக்க முடியவில்லை. 1989 தியானன்மென் சதுக்கப் படுகொலையின் ஆண்டு நாளையொட்டி ஊடகங்களுக்கு வந்த அரசு உத்தரவை 2004இல் தன் யாஹூ மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அவரைப் பற்றிய விவரத்தை யாஹூ அதிகாரிகளிடம் கொடுத்தது. பத்து ஆண்டு சிறை. 2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில், பின்னால் அமர்ந்திருந்த அவர் தாயாரைப் பார்த்து யாஹூவின் தலைவர் ஜெர்ரி யாங் குனிந்து வணங்கினார். படித்த ராத்திரி எனக்கு அம்மா ஞாபகம்தான். வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டியதைச் சொல். என் பெயரைக் கேட்டார்கள் என்றால், கேட்டார்கள் என்று எனக்குச் சொல். அதுகூட முடியாத இடத்தில் என் அம்மாவின் பேச்சை ஏன் வாங்கி வைத்துக்கொள்கிறாய்?

2020 ஜூன் 29ஆம் தேதி இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. எங்கள் செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஜூலையில் அம்மா போனில் அது நின்றுபோனது. அந்தப் பக்கம் வாட்ஸ்அப் கிடையாது, இந்தப் பக்கம் இது கிடையாது. கொரோனாவில் விமானமும் இல்லை. ஐந்து நாள் அம்மா குரல் கேட்கவில்லை. கடைசியில் அக்கா மகன் தன் பழைய ஐபோனை அம்மாவிடம் கொடுத்தான், நானும் அங்கே ஓர் ஐபோன் வாங்கினேன். சீனாவில் அவ்வளவு செயலிகளை நீக்கிய அதே கம்பெனியின் ஃபேஸ்டைம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. நான் அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

முதல் அழைப்பில் அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, நாம பேசறதை அந்தக் கம்பெனிக்காரன் கேப்பானா?" எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் "வந்துச்சா?" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவேன். அவர் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றது பேசுவார்.

2023இல் திரும்பி வந்துவிட்டேன். இப்போது ஓசூரில் வேலை, காவேரிப்பட்டினம் பக்கம்தான். போன வாரம் சாயங்காலம் சிப்காட் வாசலில் நின்று, மழை வருகிறது, மாடியில் காயும் துணியை எடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அரை நிமிடத்தில் அம்மாவின் குரல் பதிவு வந்தது. "வந்துச்சு கண்ணு. துணி எடுத்துட்டேன்."