வடக்கே போகும் ஆறு

ஒன்பதாம் வகுப்பில் வட அமெரிக்காப் படம் கீறியபோது மெக்கென்சி ஆற்றின் அம்புக்குறியைத் தெற்கு நோக்கிப் போட்டுவிட்டேன். மேலே இருப்பது கீழேதானே ஓடும் என்பது என் கணக்கு. புவியியல் சேர் கொப்பியைத் தூக்கிப் பிடித்து, “தம்பி, கனகராயன் ஆறு எந்தப் பக்கம் போகுது?” என்றார். வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகிற ஆறு அது. அங்கே எத்தனையோ தரம் போனவன்தான், வாய் திறக்கவில்லை. வகுப்பே சிரித்தது.

பிறகு பார்த்தால், அந்த மெக்கென்சி புறப்படுகிற ஏரிக்கரையிலேயே எனக்கு வேலை கிடைத்தது. கனடாவின் வடக்கே, கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் உள்ள யெலோநைஃப் நகரம். ஏரியின் ஆழம் 614 மீற்றர், வட அமெரிக்காவிலேயே அதிகம். பரப்பு, யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். கிணறு உவராகிவிடுமோ என்று பயந்து வளர்ந்தவனுக்கு இவ்வளவு நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

சேர் அதை ‘அடிமை ஏரி’ என்றுதான் சொல்லித் தந்தார். அடிமை வியாபாரத்தால் வந்த பெயரல்ல அது. அந்தப் பக்கத்துப் பழங்குடிகளில் கிரீ மக்கள் தங்கள் எதிரிகளான டெனே மக்களை இகழ்ந்து அழைத்த பெயர், வெள்ளைக்காரரின் படத்தில் ஏறி நிலைத்துவிட்டது. டெனே மொழிகளில் ஒன்றில் அது ‘து நெதே’. பெரிய ஏரி, அவ்வளவுதான்.

யெலோநைஃப் குடாவின் எதிர்க்கரையிலுள்ள டெட்டா கிராமத்துக்குத் தரைவழி 27 கிலோமீற்றர். மாரியில் உறைந்த ஏரிக்கு மேலால் ஆறரைதான். முதல் தரம் போனபோது, கூட வேலை செய்த டெட்டாக்காரர் சீற் பெல்ற்றைக் கழற்றச் சொன்னார். பனி உடைந்தால் பாய்ந்து வெளியே வரவேணுமாம்! சக்கரத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போன்ற பனி, அதற்குள் வெள்ளை வெள்ளையாக வெடிப்புகள். ‘டும்’ என்று ஒரு சத்தம். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். அவர் கோப்பியை உறிஞ்சியபடி ஓட்டினார். ஏரியின் ‘கிழக்குக் கை’ எனப்படும் நீண்ட கிளையிலுள்ள லுட்செல்கே கிராமத்துக்கு அப்படியொரு தெருவும் கிடையாது. விமானம், படகு, இல்லையென்றால் ஸ்கிடூ என்ற பனி வண்டி.

தெற்கே போகிற தெரு மெக்கென்சியைக் கடக்கவேண்டும். 2012இல் பாலம் திறக்கும்வரை கோடையில் ஃபெரி, மாரியில் பனித்தெரு. இரண்டும் இல்லாத வாரங்களில் யெலோநைஃபுக்கு லொறியே வராதாம். ஒரு மே மாதக் கடைசியில் அந்தப் பாலத்தருகே காரை நிறுத்தினேன். ஏரியிலிருந்து பனிக்கட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆர்க்டிக் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. படமெடுத்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஸ்காபரோவிலிருந்து உடனே பதில் வந்தது: “அம்புக்குறி எந்தப் பக்கமடா?”