பழைய ஆல்ட்டோ, புது கிளட்ச் பிளேட்டு

8 ஜூன் 2024, சனி

செகண்ட் ஹேண்ட்ல எடுத்த ஆல்ட்டோ. ஃபோர்த் கியர்ல போறப்ப ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி அதே ஸ்பீடுலதான் போகுது. மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு கூட ஓட்டிப் பாக்கல, ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு தேர்ட் போட்டு கிளட்ச விட்டாரு. நல்ல கிளட்ச்னா அங்கயே இன்ஜின் ஆஃப் ஆகணும், இது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. கியர்பாக்ஸ எறக்குனா பிளேட்டு தேஞ்சு ரிவிட் தலை தெரியுது, இன்ஜினோட சேந்து சுத்துற ஃப்ளைவீல்ல நீலம் நீலமா சூடு பட்ட தடம். "முன்னாடி ஓட்டுனவரு கால எப்பவும் கிளட்ச் மேலயே வெச்சுருந்துருப்பாருங்க"ன்னாரு. மிதிக்கவே வேணாம், காலோட வெயிட்டு பட்டாலே, பிளேட்ட ஃப்ளைவீலோட அமுக்கிப் புடிக்குற பிரஷர் பிளேட்டோட பிடி கொறையும், மிதிச்சா அந்தப் பிடிய விடுவிக்குற ரிலீஸ் பேரிங்கும் வெட்டியா சுத்தித் தேயும். கிளட்ச் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு மூணையும் செட்டா மாத்தியாச்சு. செலவ எழுதல, வயிறு எரியுது.

16 ஜூன், ஞாயிறு

நாமக்கல் போயி மாமாவ ஓட்டச் சொன்னேன். காலம் பூரா லாரி ஓட்டுனவரு. தேர்ட்ல இருந்து செகண்டுக்கு வர்றப்ப கிளட்ச மிதிச்சு, நியூட்ரல் பண்ணி, கிளட்ச விட்டு, ஒரு ரேஸ் குடுத்து, மறுபடி மிதிச்சு செகண்ட் போடுறாரு, அத்தனையும் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள!

"மாமா, கார்ல ஒரு மிதி போதும்."

"தெரியும் மாப்ள, கால் கேக்க மாட்டேங்குது."

பழைய லாரி கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ, அதாவது கியர் பல்லுங்களோட வேகத்த தானா சமப்படுத்துற அமைப்பு, கெடையாது. நியூட்ரல்ல கிளட்ச விட்டு ரேஸ் குடுத்தாத்தான் உள்ள இருக்குற ஷாஃப்டும் வேகமெடுக்கும், பல்லுங்க ஒரே வேகத்துக்கு வந்து சத்தமில்லாம சேரும், இல்லன்னா கர்ர்ருன்னு ஊருக்கே கேக்கும். கார்ல அந்த வேலைய ஒரு பித்தள வளையம் உரசிப் பாத்துக்குது. ஆனா அந்த ரேஸ் கார்லயும் உதவுது, கியர கொறைக்குறப்ப கிளட்ச முழுசா மிதிச்சுருக்கும்போதே ஆக்சிலேட்டர லேசா தட்டிட்டு அப்புறம் கிளட்ச விட்டா வண்டி குலுங்கவே இல்ல, பிளேட்டுக்கும் உரசல் கம்மி. டிரைவிங் ஸ்கூல்ல இதெல்லாம் எங்க சொன்னாங்க, "லேசா விடு, லேசா விடு" அவ்ளோதான்.

23 ஜூன், ஞாயிறு

கொல்லிமலை. அடிவாரத்துல காரவள்ளி தாண்டுனதுல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னாடியே செகண்டுக்கு வந்துரணும், ரொம்ப செங்குத்துன்னா ஃபர்ஸ்ட், இது மாமா சட்டம். நடுவளைவுல கிளட்ச மிதிச்சா அந்த நேரம் சக்கரத்துக்கு இழுவையே போகாது, மேட்டுல வண்டி சட்டுனு சோந்துரும்.

ஒரு வளைவுல மேல இருந்து பஸ் வந்துச்சு. ஏறுற வண்டிக்குத்தான் முதல்ல வழின்னாலும் பஸ்ஸு திரும்ப இடம் வேணுமே, நின்னுட்டோம். எங்களுக்கு முன்னாடி இருந்த கார்க்காரர் பிரேக்க தொடாம கிளட்ச பாதி மட்டும் விட்டு, ஹாஃப் கிளட்ச்லயே வண்டிய புடிச்சு வெச்சுருந்தாரு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கிட்டே இருக்கு, பஸ் போறதுக்குள்ள கருகுன வாட. "பிளேட்ட வறுத்துட்டான், கண்ணாடிய ஏத்து"ன்னாரு மாமா. நான் ஹேண்ட் பிரேக் போட்டுட்டுதான் நின்னேன், கிளம்புறப்ப கிளட்ச மெதுவா விட்டு பானெட் லேசா தூக்குனதும் பிரேக்க எறக்குனேன், ஒரு சாண் கூட பின்னால போகல.

மலை மேல செம்மேட்டுல டீ, அத்தைக்கு மொளகு.

எறக்கத்துல மாமா இன்னும் கறார். ஏறுன கியர்லயே எறங்கணும், கிளட்ச மிதிச்சா நியூட்ரல்ல போற மாதிரிதான், இன்ஜின் புடிச்சு வெக்காது, மொத்த பாரமும் பிரேக்குக்கு வந்து சூடேறிரும். பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு நான் கியர் மாத்துறப்பல்லாம் இவரும் எடது காலால கீழ கெடக்குற கால் மேட்ட ரெண்டு தடவ மிதிக்குறாரு. வீட்டுக்கு வந்து இறங்குனதும் எனக்கு முன்னாடி அவருதான் "முட்டி வலிக்குது"ன்னாரு.