கற்றல் குறைபாடுள்ள மாணவனுக்குத் தேர்வுச் சலுகை பெற்ற அனுபவம்

அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவன் சொல்வதை எழுதுபவர் துணையுடனும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற்றும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டான். ஆனாலும், சட்டப்படி அவனுக்குக் கிடைக்க வேண்டிய ஒன்றுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. இதே வழியில் போகப்போகும் ஆசிரியர்களும் பெற்றோரும் எங்கெங்கே இடறக்கூடும் என்பதைச் சொல்லிவைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பக்க இணைப்பில் ஒரு விளக்கு அணைந்தாலும் மற்றொன்று ஏன் தொடர்ந்து எரிகிறது என்று கேட்டால், அவன் எழுந்து நின்று வகுப்புக்கே புரியும்படி விளக்குவான். அதையே எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டாது. ‘கெ’, ‘கே’ போன்ற எழுத்துகளில் மெய்யை முதலில் எழுதிவிட்டு, கொம்பை அதற்கு முன்னால் கிடைத்த இடுக்கில் நுழைப்பான். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கும். மனப்பாடச் செய்யுளைப் பிழையின்றி ஒப்பிப்பவன், அதே செய்யுளைப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கும்போது திணறுவான். இத்தனையையும் பல ஆண்டுகளாகப் பள்ளியில் எல்லோரும் ‘சோம்பேறித்தனம்’ என்ற ஒரே கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள்.

இது கற்றல் குறைபாடாக இருக்கலாம், தேர்வுச் சலுகை கேட்கலாம் என்று நான் சொன்னபோது, முதல் தடை அலுவலகத்தில் அல்ல, எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருந்தது. “அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்? நாளைக்கு எல்லாப் பசங்களும் கேட்பாங்க” என்றார் சக ஆசிரியர் ஒருவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைக் கருணைக்கு விடவில்லை. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளை மேற்கொள்வது பள்ளியின் கடமை என்கிறது பிரிவு 16; தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது பிரிவு 17. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இந்தச் சட்டத்தில் 21 ஆகின. அப்போது சேர்ந்தவற்றில் கற்றல் குறைபாடும் ஒன்று. இந்தப் பக்கங்களை அச்செடுத்துத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்த பிறகே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழைக்க அனுமதி கிடைத்தது. அவர் வந்து பார்த்ததும் வேலை வேகமெடுத்தது. அந்தக் கட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குறைபாட்டுச் சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முகாமுக்குப் போன கதை வேறு. அவனிடம் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தது. தொடக்கப் பள்ளியில் யாரோ நல்ல மனம் படைத்த ஆசிரியர் வாங்கிக் கொடுத்தது. அது செல்லாது என்று முகாமில் வைத்துத்தான் சொன்னார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது நிறைந்த பிறகே சான்று தரப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். 18 வயதில் பெறும் சான்றே ஆயுள் முழுவதும் செல்லும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் சரியாக இந்த 14 வயதுக் கோட்டைத் தாண்டியவர்கள் என்பதால், கையில் பழைய சான்று இருக்கிறதென்று எந்தப் பெற்றோரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தேதியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை போனபோது ஆதாரில் தலைப்பெழுத்து ஒன்றாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறாகவும் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த முறை உளவியலாளர் விடுப்பில் இருந்தார். சுமை தூக்கும் வேலை செய்யும் அவன் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி, ‘முகாம் உண்டா’ என்பதன்று, ‘உளவியலாளர் இன்று வந்திருக்கிறாரா’ என்பதுதான்.

பரிசோதனை ஒருவழியாக நடந்தபோது, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதில் அவன் திக்கியதை வைத்து எதை முடிவுசெய்வது? அவனுடைய தமிழ், அறிவியல் குறிப்பேடுகளையும் காலாண்டு விடைத்தாள்களையும் நான் கையோடு எடுத்துப் போயிருந்தேன். உளவியலாளர் அவற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, தமிழிலும் வாசிக்கவும் எழுதவும் வைத்துப் பார்த்தார். அந்தக் குறிப்பேடுகள் இல்லையென்றால் என்ன எழுதியிருப்பார்களோ தெரியாது. நீங்களும் எடுத்துப் போங்கள். எந்தெந்தச் சலுகை தேவை என்பதைச் சான்றிலேயே தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

உச்சக்கட்டம் கல்வி அலுவலகத்தில். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர், “பையனுக்குக் கண்ணு தெரியலையா, காது கேக்கலையா? பார்த்தா நல்லாத்தானே இருக்கான்!” என்று அவன் முன்னிலையிலேயே கேட்டார். பிறகு, நாற்பது சதவீதக் குறைபாடு இருந்தால்தான் அனுப்ப முடியும் என்று விண்ணப்பத்தை மேசையில் தள்ளிவிட்டார். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு நாற்பது சதவீதக் குறைபாடு இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது குடிமைப் பணித் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கு. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. இதையெல்லாம் வாயால் சொன்னபோது அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதே செய்தியைத் தலைமையாசிரியரின் முகப்புக் கடிதத்தோடு மனுவாகக் கொடுத்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் போட வைத்த பிறகு, அந்த நாற்பது சதவீதப் பேச்சு திரும்ப எழவே இல்லை. வாய்ச்சண்டையில் யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சலுகைக்கான அனுமதி ஆணை வருமா வராதா என்று காத்திருந்த மாதங்களில் பள்ளியில் நாங்கள் செய்தவைதாம் உண்மையில் அவனைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன். பிறர் எழுத, தான் சொல்வது என்பது பழக்கமில்லாதவருக்கு எளிதான காரியமன்று. முதல் சில பயிற்சிகளில் அவன் கடகடவென்று சொல்லிவிட்டு, எழுதுபவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் தவித்தான். படத்தில் பாகங்களைக் குறிக்கும்போது எந்தக் கோடு எங்கே முடிய வேண்டும் என்பதைச் சொல்லில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே அரையாண்டுத் தேர்வு முழுவதையும் அந்தந்தப் பாடத்தை நடத்தாத ஓர் ஆசிரியரை வைத்தே எழுதவைத்தோம். வகுப்பில் வினாத்தாளை உரக்க ஒருமுறை படித்துக் காட்டும் வழக்கத்தை அவனுக்காகத்தான் தொடங்கினேன். வேறு சில பிள்ளைகளும் அதன் பிறகு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்வது குறைந்தது. ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்று கேட்ட சக ஆசிரியர் இப்போது தம் வகுப்பிலும் அவ்வாறே செய்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை.

அனுமதி ஆணை தேர்வு நெருங்கிய பிறகே கைக்கு வந்தது. தேர்வு மையத்தில் தரைத்தளத்தில் தனி அறை கொடுத்திருந்தார்கள், எழுதுபவரும் கனிவானவர். எதிர்பாராத தொல்லை ஒன்று மட்டும் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு 1.15 மணிக்குத் தேர்வு முடிந்துவிட, இவன் 2.15 வரை எழுத வேண்டும். வெளியே வந்தவர்கள் அந்த அறையின் சன்னலோரத்திலேயே நின்று விடைகளைச் சரிபார்த்துக்கொண்டு கூச்சலிட்டதில், முதல் நாள் கடைசி நெடுவினா பாதியில் நின்றுபோனது. முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முறையிட்ட பின் அடுத்த தேர்விலிருந்து வேறு மூலையில் உள்ள அறைக்கு மாற்றினார்கள். மையத்துக்கு முன்கூட்டியே போய் அறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்த ஆணை பத்தாம் வகுப்புத் தேர்வோடு முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவனோ இப்போது வேறு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். முத்திரையிட்ட மனு, சான்றிதழ், அனுமதி ஆணை அனைத்தையும் நகலெடுத்து ஒரே கோப்பாக்கி அவன் அப்பாவிடம் கொடுத்து, சேர்க்கை முடிந்த வாரமே புதிய வகுப்பாசிரியரிடம் காட்டிவிடும்படி சொல்லி அனுப்பினேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவளுடைய ஆதாரில் தலைப்பெழுத்தைத் திருத்தும் வேலையை இப்போதே தொடங்கிவிட்டோம்.