குறிப்பேட்டில் எழுதும் சொல்

என் அண்ணன் மகள் காரைக்குடியில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, இங்கிலாந்துக்கு வருவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பகுதியை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களுள் சொல்வளமும் ஒன்று என்பதால், ஒரே பொருள் தருவனவாகப் பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்கிறாள். “அத்தை, இவற்றுள் எதை வேண்டுமானாலும் எழுதலாம்தானே?” என்று தொலைபேசியில் கேட்டாள். இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியராக இருந்து நான் அறிந்தவற்றைக் கொண்டே அவளுக்கு விடை சொன்னேன்.

முதலில் ‘சிக்’ என்னும் சொல். அவளுடைய பட்டியலில் அது, உடல்நலமில்லை என்று பொருள்படும் ‘அன்வெல்’ என்பதற்கு அருகில் இருக்கிறது. அமெரிக்காவில் அது பொருந்தும். பிரிட்டனிலோ, ‘ஷி வாஸ் சிக் திஸ் மார்னிங்’ என்று குறிப்பேட்டில் எழுதினால், அந்த அம்மையார் காலையில் வாந்தி எடுத்தார் என்றே அடுத்த ஷிப்டுக்கு வருபவர் புரிந்துகொள்வார். வாந்தியை உண்டாக்கி எளிதில் பரவும் நோரோவைரஸாக இருக்கலாம் என்ற ஐயத்தில், வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவரைப் பிறருடன் அமர்த்தாமல் அறையிலேயே உணவு கொடுப்பார்கள். ‘அன்வெல்’ என்று எழுதியிருந்தால் காய்ச்சல் பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்டிருப்பார்கள். வெறும் அசதிக்காக ஒரு மூதாட்டி இரண்டு நாள் தனித்திருக்க நேர்வது சிறிய செய்தியன்று.

‘ரெஃப்யூஸ்டு’, ‘டிக்ளைண்டு’ ஆகியவற்றைப் பற்றி நெடுநேரம் பேசினோம். மருந்து வேண்டாம் என்று ஒருவர் சொன்னதை முதற்சொல்லால் எழுதும்போது அவர் முரண்டு பிடித்தார் என்ற சாயல் ஏறிவிடுகிறது; இரண்டாவது, அவர் தாமாக எடுத்த முடிவை மதிக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், வயதுவந்த ஒவ்வொருவரும் தமக்காக முடிவெடுக்க வல்லவர் என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்றும், அம்முடிவு பிறருக்கு விவேகமற்றதாகத் தோன்றுவதை மட்டும் வைத்து அவரைத் திறனற்றவராகக் கருதக் கூடாது என்றும் சொல்கிறது. அதனால் நான் இரண்டாவதையே எழுதுகிறேன். உணவு ஊட்டுவதைக் குறிக்கும் ‘ஃபீட்’ என்பதையும் முதியவர்களுக்கு எழுதுவதில்லை. அது கைக்குழந்தைக்கும் கால்நடைக்கும் உரியதாக ஒலிக்கிறது.

ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருப்பதற்கு ஒரு காரணமும் சொன்னேன். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் வந்து கலந்ததால், தொடங்குவதற்கு ‘பிகின்’ இருக்க ‘கமென்ஸ்’ என்பதும், கேட்பதற்கு ‘ஆஸ்க்’ இருக்க ‘என்கொயர்’ என்பதும் நிலைத்துவிட்டன. பழைய சொல் வீட்டுப் பேச்சுக்கும், வந்த சொல் அலுவலகக் கடிதத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். தாயின் தாயை ஆயா என்றும் தந்தையின் தாயை அப்பத்தா என்றும் பிரித்தழைத்து வளர்ந்தவள் ஆதலால், ஆளும் இடமும் அறிந்தே சொல்லை எடுக்க வேண்டும் என்பதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கடினமாக இருந்தது இறப்பைச் சொல்லும் சொல். செட்டிநாட்டில் ‘சிவபதவி அடைந்தார்’ என்று அச்சிட்டுப் பழகிய நமக்கு, ‘டைடு’ என்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. ‘பாஸ்டு அவே’ என்பதையே நாக்கு தேடுகிறது. ஆயினும், குடும்பத்தாருக்கு முதன்முதலில் செய்தி சொல்லும்போது சுற்றிவளைத்தால் பொருள் தவறக்கூடும் என்பதால், ‘டைடு’ என்று தெளிவாகச் சொல்லுமாறுதான் இங்கே எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அதன்பின் மகனோ மகளோ எந்தச் சொல்லைக் கையாள்கிறாரோ, அதையே நாமும் கையாளலாம் என்று அவளிடம் சொன்னேன்.