பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கும்முன் குனிந்து அடியில் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் உடனே மாடல் பெயர் சொல்வதில்லை. தினமும் போகிற பாதையில் டயர் வழுக்குகிற இடம் எது என்று திருப்பிக் கேட்பேன். பனி, சேறு, ஈரப் புல், சரளைக்கல் ஏற்றம் என்று ஏதாவது சொன்னால் மேலே பேசலாம். "ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது" என்பதுதான் பதில் என்றால் அவருக்கு வேண்டியது கொஞ்சம் உயரமான வண்டி, அவ்வளவுதான். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியிலேயே அந்த உயரம் கிடைக்கும், பெட்ரோலும் மிச்சம், பழுதாவதற்கு உதிரிப்பாகமும் குறைவு. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நிற்காது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது, அங்கே வேலை செய்வது டயர்.

சரி, உங்களுக்கு நிஜமாகவே தேவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பின்கதவில் ஒட்டியிருக்கும் 4x4 என்ற எழுத்துக்குப் பின்னால் என்ன வகை அமைப்பு இருக்கிறது என்பது. ஒரே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வகை வண்டிகள் விற்பனைக்கு நிற்கும்.

முதலாவது பார்ட் டைம். சுசுகி ஜிம்னி, பெரும்பாலான பிக்கப் வண்டிகள், பழைய ஜீப் வகைகள் எல்லாம் இதில் வரும். சாதாரணமாகப் பின்சக்கரம்தான் இழுக்கும், லீவரையோ பொத்தானையோ மாற்றினால் முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். உறுதியான, எளிமையான அமைப்பு, ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களும் நிறைய. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பற்சக்கர அமைப்பு, கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றிவர வேண்டும், அந்த வித்தியாசத்தை எங்காவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, அதனால் முழு முறுக்கமும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய் உட்காரும், ஸ்டீயரிங் இறுகும், வண்டி இழுத்து இழுத்துப் போகும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதாவது உடையும். ஆக, தினசரி ஓட்டத்தில் இந்த வகை வண்டி கிட்டத்தட்ட எப்போதுமே பின்சக்கர வண்டிதான், அதிலும் ஒரு மழைத் தூறலில், பாதி ஈரம் பாதி காய்ந்த ரோட்டில், நாலு சக்கரத்தைப் போடவும் முடியாது போடாமல் இருக்கவும் மனசு வராது. காட்டுக்குள் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. வேலைக்குப் போய்வரவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வகை எப்போதுமே நாலு சக்கரமும் இழுப்பது. 1977 முதல் வருகிற லாடா நிவா, 1994இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா ராவ்4, 2005இல் வந்த சுசுகி கிராண்ட் விட்டாராவின் ஃபோர் வீல் டிரைவ் மாடல், கியர் போட்டு ஓட்டுகிற பழைய சுபாரு ஃபாரெஸ்டர் எல்லாம் இப்படித்தான். நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் எந்த ரோட்டிலும் கவலையில்லாமல் ஓட்டலாம். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

மூன்றாவது, இன்றைக்குப் பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கிடைப்பது, தேவைப்பட்டால் மட்டும் பின்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும் வகை. ஹோண்டா சிஆர்-வி, சுசுகி எஸ்எக்ஸ்4, நிசான் எக்ஸ்-டிரெயில், டஸ்டர், ஸ்கோடா ஆக்டேவியா 4x4 இந்தக் கூட்டம். முன்சக்கரம் வழுக்க ஆரம்பித்ததும் ஒரு கிளட்ச் அமைப்பு பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் எதையும் தொட வேண்டியதில்லை. பாறைமேல் ஏறுகிறவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். வழுக்கும் ஏற்றத்தில் நின்று கிளம்ப, ஈரப் புல்லில் நிறுத்தி வெளியே வர, பனி பெய்த காலையில் தெருவைத் தாண்ட இது தாராளமாகப் போதும். அன்றாட ஓட்டத்துக்குக் குறைந்த காசில் வாங்குகிறவர் தேட வேண்டியது இந்த மூன்றாவது வகையைத்தான் என்பது என் கட்சி.

இதில் ஒரு வம்பு உண்டு. பின்பக்கம் வேலை செய்யாவிட்டாலும் வண்டி முன்சக்கரத்தில் ஜோராக ஓடும், வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது. சில பழைய வண்டிகளில் நடுக் கப்ளிங் (முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் அமைப்பு) கெட்டுப்போனதும் செலவுக்குப் பயந்து, பின்னுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். 1997இல் வந்த முதல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் இது பிரசித்தம். பின்கதவில் 4x4 ஸ்டிக்கர் அப்படியே பளபளக்கும், கீழே நாலு சக்கரத்தையும் இணைக்க ஒன்றும் இருக்காது. அதனால் குனிந்து பாருங்கள், சட்டை அழுக்கானால் பரவாயில்லை. முன்னிலிருந்து பின்னுக்கு ஒரு நீளத் தண்டு போகிறதா? பின் டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிந்து தூசு படிந்திருக்கிறதா? சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் முனைகளில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா? (பின்சக்கரத்துக்குத் தனி மின்மோட்டார் வைத்த ஹைப்ரிட் வண்டிகளில் மட்டும் நடுத்தண்டே கிடையாது, அங்கே தண்டைக் காணோமே என்று விற்பவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.)

அப்புறம் டயர். பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறவர்கள் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான், எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே மாடலா, ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர் என்றால் சாதாரண வண்டியின் உள்பாகங்களுக்குப் பெரிய விஷயமில்லை, இங்கே விஷயம். பட்டையில் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் கணக்குப்படி சுற்றளவு 12 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. சுற்றளவு இரண்டு மீட்டர் உள்ள டயர் ஒரு கிலோமீட்டரில் சுமார் 500 தடவை சுழலும், அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆறு மீட்டர் வித்தியாசம். நேர்ரோட்டில்கூட அந்த ஆறு மீட்டரை நடுவில் இருக்கும் கப்ளிங்தான் ஓயாமல் சமாளிக்க வேண்டும். விஸ்கஸ் கப்ளிங் வைத்த வண்டியில் உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் சூடாகிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அது இறுகிவிடும். நாலும் நாலு விதமாக டயர் மாட்டியிருந்தால் முந்தைய உரிமையாளர் வண்டியின் மற்ற பாகங்களை எப்படிப் பார்த்திருப்பார் என்பதும் புரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. அதையும் பார்த்து வையுங்கள், நாலு டயர் புதிதாக வாங்க வேண்டுமென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது கண்டிப்பாகச் செய்ய வேண்டிய ஒன்று. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காய்ந்த சமமான காலி இடத்தில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், பிறகு மறுபக்கம். ரேடியோவை அணைத்துவிடுங்கள், விற்பவரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். டக் டக் டக் என்று சத்தம் வந்தால் முன் ஆக்சிலின் வெளி ஜாயின்ட் போயிருக்கும். யாரோ பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல வண்டி திக்கினால் நடுக் கப்ளிங் இறுகிக்கொண்டது என்று சந்தேகப்படுங்கள், அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. பின்பக்கமிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தால், குறிப்பாகப் பழைய சிஆர்-வியில், பயந்து ஓட வேண்டாம். பின் டிஃபரன்ஷியல் ஆயில் பழசாகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், அந்த வண்டிக்கென்றே இருக்கும் ஆயிலை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும், அதுவரை அதைச் சொல்லி விலை பேசலாம். பார்ட் டைம் வண்டியைக் காய்ந்த தரையில் நாலு சக்கரம் போட்டு இப்படிச் சுற்றக் கூடாது, அதற்கு மண்தரை தேடுங்கள், அங்கே 4எச் (நாலு சக்கரம், சாதாரண வேகம்), 4எல் (நாலு சக்கரம், மெதுவான அதிக இழுவை) இரண்டும் ஒழுங்காக விழுகிறதா, திரும்ப வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் காகிதங்களில் இஞ்சின் ஆயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல், கப்ளிங் இவற்றின் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஹால்டெக்ஸ் என்ற வகைக் கப்ளிங் வைத்த ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, வால்வோ வண்டிகளில் அதற்கெனத் தனி ஆயில் உண்டு, பலர் வண்டி விற்கும்வரை அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வாய்ப்பிருந்தால் லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடித்தட்டில் நசுங்கல், சந்துகளில் காய்ந்த சேறு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண் எல்லாம் இருந்தால் இந்த வண்டி வெறும் ஆபீஸ் போய்வந்த வண்டி என்கிற கதையை நம்பாதீர்கள். துருவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இப்போதைக்கு இது போதும்: சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும் சேஸிஸிலும் துரு அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

சுபாரு பிடித்தவர்களுக்கு ஒரு வரி. பழைய 2.5 லிட்டர் இஜே25 இஞ்சினில் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பகுதியை அடைத்து மூடும் தகடு) கசிவு ஊரறிந்த விஷயம், டைமிங் பெல்ட்டையும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். 2011 மாடலிலிருந்து டர்போ இல்லாத ஃபாரெஸ்டரில் வந்த எஃப்பி இஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் வண்டி பார்க்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள், வாங்கிய உடனே எல்லா ஆயிலும், தேவையானால் நாலு டயரும் மாற்றுவதற்கு. அந்தக் கணக்குக்குள் இரண்டு வண்டி வந்து, ஒன்று நிறைய கியர் பொத்தான்களோடு ஆஜானுபாகுவாக நின்று, இன்னொன்று சின்ன எஸ்எக்ஸ்4 மாதிரி சாதுவாக, நாலும் ஒரே டயரோடு, பின் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றிய ரசீதோடு நின்றால், நான் அந்தச் சின்ன வண்டியின் சாவியைத்தான் கேட்பேன்.