உச்சா அட்டவணை: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, திங்கள்
பாப்பாவுக்கு வயது 2 வருடம் 5 மாதம். பகலில் இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறாள், அதனால் டாய்லெட் பழக்கத் தொடங்கலாம். முதல் மூன்று நாள் கவனிப்பது மட்டும். நோட்டில் நான்கு கட்டம்: மணி, உச்சா, ஆய், அதற்கு முன் குடித்தது. டயப்பர் வேண்டாம், பருத்தி ஜட்டிதான். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் எத்தனை மணிக்குப் போனாள் என்பதே பிடிபடாது.

ஜூன் 6, வியாழன்
நோட்டிலேயே பதில் இருக்கிறது. எழுந்ததும் ஒரு உச்சா, பால் குடித்து 40 நிமிடத்தில் இன்னொன்று. ஆய் மூன்று நாளும் காலை இட்லிக்குப் பின் அரை மணிக்குள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அதுதான் காரணம். இனி இந்த நேரங்களில் மட்டும் உட்கார வைத்தால் போதும், ஒரு தடவைக்கு 5 நிமிடம். சும்மா சும்மா தூக்கிக்கொண்டு ஓடினால் அடம்தான் மிஞ்சும். பெரியவர்கள் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஸ்டூல் அவசியம். பாதம் தொங்கினால் முக்க வராது.

ஜூன் 10, திங்கள்
அவளுக்கென்று தனி அட்டவணை, அவள் கண் உயரத்தில், பாத்ரூம் கதவில். நாளுக்கு 5 கட்டம். உட்கார்ந்து எழுந்த கையோடு அவளே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ராத்திரி மொத்தமாக ஒட்டினால் எதற்கென்று இந்த வயதில் புரியாது. ஸ்டிக்கர் உட்கார்ந்ததற்கு, போனதற்கு அல்ல. உட்காருவது அவளால் முடியும், வரவழைப்பது முடியாது. நனைத்தால் சிவப்பில் பெருக்கல் குறி போடுவது கூடவே கூடாது. அதற்குப் பயந்து அடக்கப் பழகிவிடுவார்கள்.

ஜூன் 14, வெள்ளி
ஆய்க் கட்டம் மூன்று நாளாகக் காலி. இன்று வந்ததும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. மலத்தின் தன்மையை ஏழாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் இது 1-ம் வகை, இருக்க வேண்டியது 3 அல்லது 4. வலித்தால் அடக்குவாள், அடக்கினால் இன்னும் இறுகும், மறுபடி வலிக்கும். பழக்குவதை நிறுத்தியாயிற்று. டயப்பர் கேட்டால் கொடுக்க வேண்டும். பாலைக் குறைத்து, தண்ணீர், பப்பாளி, கீரை. ரத்தமோ வாந்தியோ வயிறு உப்பலோ தெரிந்தால் உடனே டாக்டர்.

ஜூன் 19, புதன்
4-ம் வகை, இரண்டாவது நாளாக. நாளை முதல் மறுபடி உட்கார வைக்கலாம்.

ஜூன் 28, வெள்ளி
இரவுக்குக் கட்டம் போடவில்லை. தூக்கத்தில் நனைப்பது பழக்கத்தால் நிற்பதில்லை, உடம்பு வளர்ந்தால்தான் நிற்கும். 5 வயது வரை அது சாதாரணம். பகலில் இன்று ஸ்டிக்கர் கேட்கவே இல்லை, தானாகப் போய் உட்கார்ந்தாள். தாளைக் கிழிக்க வேண்டாம். முடிந்ததும் புதிது ஒட்டாமல் விட்டால் போதும்.